பீட்டாவில் தொடங்கியவர்கள் முழுப் பதிப்புக்கு வருவது எப்படி?

2024ஆம் ஆண்டு பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். குறுவளமையக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையில், தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் தம் மடிக்கணினியை என் முன் திறந்து வைத்தார்.

"சார், ஏப்ரல் மாசம் என் பையன் இதுல புது உபுண்டு போட்டுக் குடுத்தான். அது பீட்டாவாம். இப்போ முழுப் பதிப்பு வந்தாச்சுன்னு சொல்றாங்க. கடையில கேட்டா ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும்கிறாங்க. ரெண்டு வருஷமா எண்ணும் எழுத்தும் வகுப்புக்கு நான் செஞ்ச அட்டை, படம், ஆடியோ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"வேற எங்கேயாவது காப்பி வெச்சிருக்கீங்களா டீச்சர்?"

"இல்லையே சார்."

அவருடைய கேள்விக்கான பதில் எளிது: ஃபார்மேட் தேவையில்லை. ஆனால் இதே கேள்வியை வேறோர் இயங்குதளத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் கடைக்காரர் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கும். இந்த வேறுபாடு ஏன் என்று நம்மில் பலருக்குத் தெளிவாகத் தெரியாது. மேல்நிலை முதலாம் ஆண்டு கணினி அறிவியல் பாடத்தில் விண்டோஸ், உபுண்டு இரண்டும் அறிமுகமாகின்றன. ஆனால் முழுமையடையாத பதிப்பிலிருந்து முழுமையான பதிப்புக்கு நகர்வது பாடநூலின் எல்லைக்குள் வருவதில்லை. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு புத்தகம் அச்சாவதற்கு முன் மெய்ப்புப் படி எடுப்பார்கள் அல்லவா? எழுத்துப் பிழை, படம் மாறிய பக்கம் எல்லாம் அதில் இருக்கும். பலர் படித்துப் பிழைகளைக் குறித்துக் கொடுத்த பிறகே புத்தகம் அச்சேறும். இயங்குதளத்தின் முன்வெளியீடும் மெய்ப்புப் படிதான். மிகத் தொடக்க நிலையில் உள்ளதை ஆல்ஃபா என்பார்கள். வசதிகளெல்லாம் சேர்ந்து பிழை களையும் நிலையில் உள்ளது பீட்டா. இனிப் பெரிய மாற்றம் இல்லை, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவோம் என்ற நிலையில் வருவதை வெளியீட்டு வேட்பாளர், சுருக்கமாக ஆர்சி, என்பார்கள். கையில் மெய்ப்புப் படி வைத்திருப்பவருக்கு இறுதிப் புத்தகம் கிடைப்பது இரண்டு விதமாக நடக்கலாம். திருத்திய பக்கங்கள் மட்டும் வந்து, பழைய பக்கங்களுக்குப் பதில் செருகப்படலாம். அல்லது மெய்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுப் புத்தகத்தை விலைக்கு வாங்க வேண்டியிருக்கலாம். உபுண்டு முதல் வகை.

உபுண்டு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், வெளியாகிறது. பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான். 24.04 என்றால் 2024 ஏப்ரல். அதன் பீட்டா ஏப்ரல் 11 அன்றும், முழுப் பதிப்பு ஏப்ரல் 25 அன்றும் வந்தன. இரண்டுக்கும் இடையில் இரண்டே வாரங்கள். இந்த இயங்குதளம் ஒரே பெரிய பாறையாக இல்லாமல் ஆயிரக்கணக்கான சிறு தொகுப்புகளாக இருக்கிறது. அவையெல்லாம் இணையத்தில் ஒரு களஞ்சியத்தில் உள்ளன. 24.04க்கு உரிய களஞ்சியத்தின் பெயர் 'நோபிள்'. ஏப்ரல் 11 அன்று அந்தக் களஞ்சியம் எப்படி இருந்ததோ அதன் ஒரு நகல்தான் பீட்டா. அதன் பிறகும் தொகுப்புகள் திருத்தப்பட்டு அதே களஞ்சியத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஏப்ரல் 25 அன்று அதைப் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிந்திய திருத்தங்கள் 'நோபிள்-அப்டேட்ஸ்', 'நோபிள்-செக்யூரிட்டி' என்ற பக்க அறைகளுக்கு வருகின்றன. பீட்டா நிறுவிய கணினியும் முழுப் பதிப்பு நிறுவிய கணினியும் ஒரே களஞ்சியத்தைத்தான் பார்க்கின்றன. எனவே வழக்கமான புதுப்பித்தலைச் செய்துகொண்டே வந்தவர், வெளியீட்டு நாளில் தாமாகவே முழுப் பதிப்பில் நின்றிருப்பார். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

நம் ஆசிரியைக்கு அப்படி நடக்கவில்லை. வீட்டில் இணைய இணைப்பு இல்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். புதுப்பிக்கட்டுமா என்று கணினி கேட்டபோதெல்லாம், டேட்டா தீர்ந்துவிடுமே என்று 'பிறகு' என்ற பொத்தானையே அழுத்தி வந்திருக்கிறார். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போய்ப் பார்த்தோம். இயங்குதளத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'டெவலப்மென்ட் பிராஞ்ச்' என்று இருந்தது. ஏப்ரல் 11இலேயே அவருடைய கணினி உறைந்து நின்றுவிட்டது.

அன்றைக்கே நான் அதில் கைவைக்கவில்லை. முதலில் நகல் எடுக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை ஒரு வெளிப்புற வன்தட்டுடன் வரச் சொன்னேன். ஹோம் கோப்புறை முழுவதையும் அதில் நகலெடுத்தோம். நகலெடுத்ததோடு நிறுத்தாமல், அந்த வன்தட்டை என் கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்த்தோம். ஓர் ஆடியோவைப் பாதி வரை கேட்டோம். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே கணக்கில் எடுப்பதில்லை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், மென்பொருள்களின் அமைப்புகள் போன்றவை பெயருக்கு முன் புள்ளி வைத்த மறைகோப்புறைகளில் இருக்கும். கோப்பு மேலாளரில் கன்ட்ரோல் விசையுடன் எச் அழுத்தினால் அவை கண்ணுக்குத் தெரியும். அவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

அடுத்து மின்சாரம். பேட்டரி முழுவதும் ஏறியிருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். தொகுப்புகள் மாறிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடும். அப்படி நின்றாலும் பதற்றம் வேண்டாம். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் ரிகவரி மோடைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே 'டிபிகேஜி' என்ற ஒரு தெரிவு இருக்கும். அரைகுறையாக நின்ற தொகுப்புகளை அது சரிசெய்ய முயலும். ஆனால் அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. மேசைக் கணினியாக இருந்தால் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

பிறகு டெர்மினலைத் திறந்து இரண்டு கட்டளைகள் கொடுத்தோம். முதலாவது 'சூடோ ஏபிடி அப்டேட்'. களஞ்சியத்தில் இப்போது என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை இது கொண்டுவரும். இரண்டாவது 'சூடோ ஏபிடி ஃபுல்-அப்கிரேட்'. பட்டியலில் புதிதாக உள்ளவற்றை இது இறக்கி நிறுவும். இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். வெறும் 'அப்கிரேட்' என்று கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கட்டளை ஏற்கனவே உள்ள எந்தத் தொகுப்பையும் நீக்காது. ஒரு புதிய தொகுப்பு உள்ளே வரப் பழையது ஒன்று வெளியேற வேண்டும் என்றால், புதியதை அப்படியே நிறுத்தி வைத்துவிடும். முன்வெளியீட்டுக் காலத்தில் இப்படிப்பட்ட இடமாற்றங்கள் அதிகம். 32 பிட் கணினிகளின் கடிகாரக் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும் என்ற சிக்கலைப் படித்திருப்பீர்கள். அதைத் தீர்க்கும் வேலை 24.04 தயாரான மாதங்களில்தான் நடந்தது. அதனால் பல தொகுப்புகளின் பெயரே மாறியது. பழைய பெயர் போய்ப் புதிய பெயர் வர வேண்டுமானால் 'ஃபுல்-அப்கிரேட்' வேண்டும்.

ஆனால் இந்தக் கட்டளை எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டிவிட்டுத்தான் சம்மதம் கேட்கும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்தாதீர்கள். ஆசிரியையின் கணினியில் அச்சுப்பொறிக்காகத் தனியே போட்டிருந்த ஒரு தொகுப்பு அந்தப் பட்டியலில் இருந்தது. அதன் பெயரைத் தாளில் குறித்துக்கொண்டு மேலே போனோம். எல்லாம் முடிந்த பின் அதை மீண்டும் நிறுவிக்கொண்டோம். ஹாட்ஸ்பாட் வேகத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. மறுதொடக்கம் செய்தபோது அபவுட் பக்கத்தில் 'உபுண்டு 24.04 எல்டிஎஸ்' என்று வந்தது. அட்டைகளும் ஆடியோவும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தப் பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. 'டெவலப்மென்ட் பிராஞ்ச்' என்ற சொல்லை எடுத்துவிட்டு இறுதிப் பெயரை வைப்பதும் ஒரு சிறு தொகுப்பின் வேலைதான். அது வெளியீட்டு நாளுக்குச் சில நாள் முன்பே வந்துவிடும். பெயர்ப்பலகை மாட்டியாயிற்று, உள்ளே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது போன்ற நிலை அது. வெளியீட்டுத் தேதிக்குப் பிறகு ஒருமுறை முழுப் புதுப்பித்தல் செய்து, இனிப் புதுப்பிக்க ஒன்றும் இல்லை என்று கணினி சொன்னால் உறுதி.

புதுப்பித்தல் சரிசெய்யாத ஒன்றும் உண்டு. வன்தட்டைப் பிரிப்பது, குறியாக்கம் செய்வது போன்றவற்றை நிறுவும் மென்பொருள் முதல் நாளிலேயே செய்து முடித்துவிடுகிறது. பீட்டாவின் நிறுவியில் பிழை இருந்து, அந்த வேலை தவறாக நடந்திருந்தால், பின்னால் எத்தனை தொகுப்பு மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். அத்தகைய கணினியை மட்டும் நகல் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே சரி.

டெபியன் பயன்படுத்துவோருக்கு ஒரு நுணுக்கம். உபுண்டுவுக்கு மூலமே டெபியன்தான். நம் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் பார்த்திருக்கக்கூடிய பாஸ் இயங்குதளமும் டெபியன் வழி வந்தது. டெபியனில் அடுத்த பதிப்பு உருவாகும் இடத்துக்கு 'டெஸ்டிங்' என்று பெயர். ஒவ்வொரு பதிப்புக்கும் டாய் ஸ்டோரி திரைப்படப் பொம்மைகளின் பெயரும் உண்டு (மாணவர்களிடம் சொன்னால் மறக்கவே மாட்டார்கள்). 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13இன் பெயர் 'டிரிக்ஸி'. வெளியாவதற்கு முன்பே அதை நிறுவிய ஒருவருடைய களஞ்சிய முகவரிக் கோப்பில் 'டிரிக்ஸி' என்று இருந்தால், வெளியீட்டு நாளில் அவர் நிலையான பதிப்பில் வந்து இறங்கியிருப்பார். 'டெஸ்டிங்' என்று இருந்தால் பேருந்து நிற்காது. அடுத்த பதிப்பின் முன்வெளியீட்டுக்குள் அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரே ஒரு சொல்தான் வேறுபாடு.

விண்டோஸுக்கு வருவோம். 2009 மே 5 அன்று விண்டோஸ் 7இன் ஆர்சி பதிப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. முழுப் பதிப்பு அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று விற்பனைக்கு வந்தது. ஆர்சி பதிப்புக்கு முடிவு நாள் ஒன்று குறிக்கப்பட்டிருந்தது: 2010 ஜூன் 1. அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச் 1 முதல், கணினி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே அணைந்துவிடும், சேமிக்காத வேலை போய்விடும் என்றும் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். மார்ச் மாதம் என்றால் நமக்கு எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆர்சியிலிருந்து முழுப் பதிப்புக்கு நேராக மேம்படுத்தும் வழியையும் நிறுவி தடுத்தது. குறிப்பிட்ட எண்ணுக்கு முந்திய முன்வெளியீடு என்று கண்டால் மேற்கொண்டு செல்லாது. நிறுவல் கோப்புகளுக்குள் இருந்த அந்த எண்ணைத் திருத்தித் தடையைத் தாண்டியவர்களும் உண்டு. ஆனால் மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்தது நகல் எடுத்துப் புதிதாக நிறுவுவதையே. பீட்டாவிலிருந்து ஆர்சிக்கு மாறும்போதே அவர்கள் காரணம் சொல்லியிருந்தார்கள். பொதுமக்களில் பெரும்பாலோர் விஸ்டாவிலிருந்துதான் 7க்கு வரப்போகிறார்கள், அந்தப் பாதையைத்தான் நாங்கள் நன்றாகச் சோதிக்க வேண்டும் என்பது அந்தக் காரணம். ஒரு முன்வெளியீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் கட்டினால் அதையும் சோதிக்க வேண்டும். சில வாரங்களுக்குப் பிறகு யாரும் நடக்காத பாலம் அது. இன்னொரு காரணம் எளிமையானது: ஆர்சி இலவசம், முழுப் பதிப்பு விலைக்கு. உபுண்டுவில் இந்தக் கணக்கே எழுவதில்லை.

இன்றைய விண்டோஸில் முன்வெளியீடுகள் இன்சைடர் திட்டத்தின் வழியாக வருகின்றன. சேரும்போது சேனல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரிலீஸ் பிரிவியூ என்பது வெளியீட்டுக்கு மிக அருகில் உள்ளது. அங்கிருந்து அடுத்த வெளியீட்டின்போது விலகிக்கொள்ளும் வசதி செட்டிங்ஸிலேயே உண்டு. கேனரி சேனலில் இருந்து வெளியேற வேண்டுமானால் புதிதாக நிறுவுவதைத் தவிர வழியில்லை. 2021இல் விண்டோஸ் 11இன் முன்வெளியீடுகள் வந்தபோது, அதன் வன்பொருள் தகுதி இல்லாத சில கணினிகளும் ஏற்கனவே டெவ் சேனலில் இருந்த காரணத்தால் அவற்றைப் பெற்றன. ஆனால் முழுப் பதிப்பு வரும்போது அவை புதிதாக நிறுவி விண்டோஸ் 10க்குத் திரும்ப வேண்டும் என்று அப்போதே சொல்லப்பட்டது. முன்வாசலில் விட்டார்கள் என்பதற்காகப் பின்வாசல் திறந்திருக்கும் என்று எண்ண முடியாது.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருகைப் பதிவு முதல் பல வேலைகளை டிஎன்எஸ்இடி செயலியில் செய்கிறோம். அதே கைப்பேசியில் ஆண்ட்ராய்டு பீட்டா போட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று பாதியில் விலகினால், கூகுள் பிக்சல் கைப்பேசிகளில் உள்ளிருக்கும் தரவு முழுவதும் அழிக்கப்படும். பொறுத்திருந்து முழுப் பதிப்பு வந்து நிறுவப்பட்ட பின், அடுத்த பீட்டாவை ஏற்காமல் விலகினால் எதுவும் அழியாது. ஐஃபோனில் பீட்டாவில் எடுத்த காப்பு நகல் பழைய பதிப்பில் ஏறாமல் போகலாம். பீட்டா போடும் முன் எடுத்த நகலைத் தனியே வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் வழி தெரிந்தவர்களுக்கு. பள்ளிக் கணினியில் முன்வெளியீடு போடலாமா என்று கேட்டால் என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் நிச்சயமாகக் கூடாது. காரணம் வெறும் வசதிக் குறைவு அல்ல. அதே 2024இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். அதைப் பராமரித்தவரின் நம்பிக்கையை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துப் பெற்ற ஒரு முகம் தெரியாத நபர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவை மறைத்து வைத்துவிட்டார். அதன் வழியாக வெளியில் இருந்து கணினிக்குள் நுழைந்துவிட முடியும். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் டெபியனின் முன்வெளியீட்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடாமல் தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்.

அந்தத் தொகுப்பு அதற்குள் டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் முன்வெளியீட்டுப் பகுதிகளுக்குள் வந்துவிட்டிருந்தது. உபுண்டு 24.04இல் 'நோபிள்-புரொபோஸ்ட்' என்ற சோதனை அறை வரை வந்திருந்தது. அன்றைய நிலையான பதிப்புகளான டெபியன் 12, உபுண்டு 22.04 ஆகியவற்றுக்குப் பாதிப்பில்லை. ஐயத்துக்கு இடமின்றிச் செய்வோம் என்று உபுண்டு குழுவினர், அந்தக் காலத்தில் உருவான தொகுப்புகளை நீக்கிவிட்டு மீண்டும் உருவாக்கினார்கள். அதனால்தான் ஏப்ரல் 4 அன்று வரவேண்டிய பீட்டா ஏப்ரல் 11க்குத் தள்ளிப்போனது. ஆசிரியையின் மகன் நிறுவியது அப்படிச் சுத்தம் செய்யப்பட்ட பிறகு வந்த பீட்டாவைத்தான். எனினும் 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' என்பதில் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பக்கத்துக்குப் போய், 'புரொபோஸ்ட்' என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று நான் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் புதுப்பித்தலையே தொடங்கியிருப்பேன். முழுப் பதிப்புக்கு வந்த பிறகும் அந்த டிக் இருந்தால், சோதிக்கப்படாத தொகுப்புகள் வந்துகொண்டே இருக்கும்.

முந்திய எல்டிஎஸ் பதிப்பான 22.04இல் இருந்தவர்களுக்கு 24.04க்கு மாறச் சொல்லும் அறிவிப்பு ஏப்ரலில் வரவே இல்லை. முதல் திருத்தப் பதிப்பான 24.04.1, ஆகஸ்ட் 29 அன்று வந்த பிறகே அவர்களுக்கு அந்த வழி திறந்தது. நான்கு மாதத் தாமதம் வேண்டுமென்றே வைக்கப்பட்டதுதான். பள்ளி வேலைக்குப் பயன்படும் கணினிக்கு அந்த வேகமே போதும் என்று நினைக்கிறேன்.

இந்த அரை விநாடிக் கதையை எட்டாம் வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "அப்ப எல்லாரும் பீட்டா வேண்டாம்னு இருந்துட்டா, தப்ப யாரு சார் கண்டுபிடிப்பாங்க?" என்றாள். நான் சற்று நேரம் பதில் சொல்லவில்லை.

எங்கள் பள்ளியில் எதற்கும் பயன்படாமல் ஒதுக்கி வைத்த பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. அதில் யாருடைய மதிப்பெண்ணும் இல்லை, யாருடைய படமும் இல்லை. பள்ளி இணையத்தோடும் அதை இணைப்பதில்லை. புதுப்பிக்க மட்டும் என் கைப்பேசியைக் கொடுப்பேன். தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த பதிப்பான 24.10இன் பீட்டா வந்ததும் அதில் நிறுவ வைத்தேன். பக்கத்தில் ஒரு நோட்டு. தேதி, செய்த வேலை, எதிர்பார்த்தது, நடந்தது என்று நான்கு கட்டங்கள். முதல் பதிவை அந்த மாணவியே எழுதினாள்.